மறுசீரமைத்த நான்கடிப்பு எஞ்சினில் நெருக்கல் குறைவு: காரணம் காணும் முறை

க.பொ.த. (சாதாரண தரம்) – வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும்
அலகு: அகத்தகன எஞ்சின் – வழு காணல்



ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றி, உருளையைப் போர் அடித்து, புதிய பிஸ்ரனும் றிங்கும் போட்டு மீண்டும் பூட்டிவிட்டார்கள். காசும் கொடுத்தாயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து உதைத்தால் இலகுவில் தொடங்கவில்லை. தொடங்கினாலும் இழுவை இல்லை. திரும்பக் கராச்சுக்குப் போனால், "கொம்பிறசன் காணாது, இன்னொரு முறை இறக்கித்தான் பார்க்க வேண்டும்" என்கிறார்கள். இப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

இது வெறும் பரீட்சை வினா அன்று. எங்கள் பிரதேசத்தில் இது பல வீடுகளின் கேள்வி. 2020 மார்ச் மாதத்தில் இலங்கைக்கு வாகனங்கள் இறக்குமதி செய்வது இடைநிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்கள் 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பழைய எஞ்சினைத் திருத்தி ஓடுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு முறை எஞ்சினை இறக்கி ஏற்றுவது ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு. தேவையில்லாமல் இரண்டாம் முறை இறக்கினால் அந்த உழைப்பு வீண்.

ஆகவே இந்தப் பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெருக்கல் குறைவு என்பது நோயின் பெயர் அன்று. அது காய்ச்சலைப் போன்ற ஓர் அறிகுறி. காய்ச்சல் எதனால் வந்தது என்று பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. அதேபோல, காரணத்தைச் சோதனையால் அறியாமல் எஞ்சினைக் கழற்றக் கூடாது.

1. சொற்களைச் சரிப்படுத்திக்கொள்வோம்

பாடநூலில் ஒரு சொல்லும் கராச்சில் இன்னொரு சொல்லும் வழங்குவதால் மாணவர் பலர் குழம்புகின்றனர். பரீட்சையில் பாடநூற் சொல்லை எழுதுங்கள். கராச்சில் அவர்கள் சொல்லும் சொல்லை விளங்கிக்கொள்ளுங்கள்.

• முசலம் என்பது கராச்சில் பிஸ்ரன்.
• முசல வளையம் என்பது றிங்.
• உருளை என்பது சிலிண்டர். அதன் மூடி உருளைத்தலை, கராச்சில் ஹெட்.
• தீப்பொறிச் செருகி என்பது பிளக்.
• நெருக்கல் என்பது கொம்பிறசன்.
• உருளைக்கும் உருளைத்தலைக்கும் இடையில் இடப்படும் அடைப்புத் தகடு கஸ்கற்.

நான்கடிப்பு எஞ்சினில் உள்ளெடுத்தல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என நான்கு அடிப்புகள் உள்ளன. இந்த நான்கு அடிப்புகளும் முடிவதற்குள் மாற்றித்தண்டு இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றுகிறது. 1876 இல் ஜேர்மனியில் நிக்கொலஸ் ஒட்டோ இவ்வகை எஞ்சினை வெற்றிகரமாக இயக்கினார். அவருக்கு முந்திய வாயு எஞ்சின்களில் எரிகலவை நெருக்கப்படாமலே எரிக்கப்பட்டது. முதலில் நெருக்கிவிட்டுப் பின்னர் எரித்ததே ஒட்டோ எஞ்சினின் பலம். எனவே நெருக்கல் குறைந்தால் இந்த எஞ்சினின் அடிப்படையே குறைகிறது.

2. நெருக்கல் விகிதம்

முசலம் கீழெல்லையில் இருக்கும்போது அதற்கு மேலுள்ள மொத்தக் கனவளவை, முசலம் மேலெல்லையில் இருக்கும்போது எஞ்சும் கனவளவால் வகுத்தால் கிடைப்பது நெருக்கல் விகிதம் ஆகும்.

எங்கள் வீதிகளில் அதிகம் காணப்படும் ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் வகை எஞ்சினை எடுத்துக்கொள்வோம். உருளையின் விட்டம் 50 மி.மீ., அடிப்பு நீளம் 49.5 மி.மீ.

உருளையின் குறுக்குவெட்டுப் பரப்பு = 3.1416 × 2.5 × 2.5 = 19.63 ச.செ.மீ.
முசலம் பெயரும் கனவளவு = 19.63 × 4.95 = 97.2 க.செ.மீ.

நெருக்கல் விகிதம் 9:1 எனக் கொண்டால், மேலே எஞ்சும் கனவளவு = 97.2 ÷ 8 = 12.15 க.செ.மீ.

ஏன் 9 ஆல் வகுக்கவில்லை? மொத்தம் 9 பங்கு; அதில் 1 பங்கு மேலே எஞ்சும் அறை. முசலம் பெயர்வது மீதி 8 பங்கு மட்டுமே. பல மாணவர் தவறும் இடம் இதுவே.

12.15 க.செ.மீ. என்பது இரண்டரைத் தேக்கரண்டி அளவு. இவ்வளவு சிறிய அறையில் சிறு மாற்றம் ஏற்பட்டாலும் நெருக்கல் விகிதம் வெகுவாக மாறும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இரண்டு இடங்களில் இது உதவும்.

நெருக்கல் அமுக்கமானி எவ்வளவு காட்ட வேண்டும்? வளிமண்டல அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 இறாத்தல். அதை 9 ஆல் பெருக்கினால் 132. மானி வளிமண்டல அமுக்கத்தைப் பூச்சியமாகக் கொள்வதால் 14.7 ஐக் கழிக்க, ஏறத்தாழ 118 வரும். ஆனால் விரைவாக நெருக்கும்போது வாயு சூடாகிறது; சூடாவதால் அமுக்கம் இன்னும் உயர்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்மின் அடி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்; அதே காரணந்தான். இதனால் நல்ல நிலையிலுள்ள இத்தகைய எஞ்சின் பெரும்பாலும் 150 இறாத்தலை அண்டியோ அதற்கு மேலோ காட்டும். 100 இக்குக் கீழே இறங்கினால் தொடக்குவதே கடினமாகும். உங்கள் எஞ்சினுக்குரிய சரியான எல்லையை அதன் கைந்நூலிற் பார்க்க வேண்டும்.

3. நான்கு கேள்விகள்

மானி குறைவாகக் காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். பின்வரும் நான்கு கேள்விகளை இதே ஒழுங்கில் கேளுங்கள். ஒழுங்கு முக்கியம், செலவில்லாதது முதலில், எஞ்சினைத் திறக்க வேண்டியது கடைசியில்.

கேள்வி 1: அளவீடு சரியா?

எஞ்சினைக் குறை கூறுமுன் அளந்த முறையைச் சோதியுங்கள்.

(அ) பெற்றோல் திறப்பை மூடுங்கள். தீப்பொறி உண்டாகாதபடி எஞ்சின் ஆளியை நிறுத்துங்கள். செருகித் துளையால் எரிகலவை வெளியே வரும். பக்கத்தில் தீப்பொறி இருந்தால் தீப்பற்றும்.
(ஆ) எக்ஸிலேற்றரை முழுவதும் திறந்து பிடியுங்கள். சோக்கை விடுவியுங்கள். எக்ஸிலேற்றர் மூடியிருந்தால் உருளைக்குள் போதிய காற்று வராது. நல்ல எஞ்சினும் நோயாளிபோற் காட்டும். மிகப் பொதுவான தவறு இதுவே.
(இ) முள் மேலும் உயராத வரை, ஏறத்தாழ 5 முதல் 7 தடவைகள், பலமாக உதையுங்கள்.
(ஈ) மானியின் குழாய் எஞ்சின் பக்கத்தில் அடைப்பு வால்வு உடையதா எனப் பாருங்கள். அந்த வால்வு மானியின் பக்கத்தில் மட்டும் இருந்தால், குழாயின் உட்கனவளவும் எரியறையோடு சேர்ந்துவிடும். 12 க.செ.மீ. அறைக்கு அது பெரிய பிழை.
(உ) எஞ்சினில் தன்னியக்க நெருக்கல் தளர்த்தி உண்டா என அறியுங்கள். தோட்டங்களில் கயிறு இழுத்துத் தொடக்கும் நீரிறைக்கும் எஞ்சின்கள் பலவற்றிலும், வெளிநாட்டுப் பண்ணைகளில் ஓடும் நான்கு சில்லு மோட்டார் வண்டிகள் சிலவற்றிலும் இது உள்ளது. மெதுவாகச் சுற்றும்போது இது ஒரு வால்வைச் சற்றுத் திறந்து வைத்திருக்கும். அத்தகைய எஞ்சினில் மானி குறைவாகக் காட்டுவது வழு அன்று.

கேள்வி 2: காற்று போதியளவு உள்ளே வந்ததா?

உள்ளே வராத காற்றை நெருக்க முடியாது. காற்று வடிகட்டி அடைபட்டுள்ளதா, உள்ளெடுத்தல் வழியில் துணி அல்லது கடதாசி மறந்து விடப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். கழற்றிப் பூட்டிய எஞ்சின்களில் இது நடப்பதுண்டு.

அடுத்தது வால்வுகள் திறந்து மூடும் நேரம். ரைமிங் செயின் ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டால், உள்ளெடுத்தல் வால்வு உரிய நேரத்துக்குப் பிந்தி மூடலாம். அப்போது மேலேறும் முசலம், உள்ளே வந்த காற்றைக் காபுரேற்றர் வழியே திருப்பித் தள்ளிவிடும். காந்தச் சில்லிலுள்ள அடையாளமும் கெம் தண்டின் பற்சில்லிலுள்ள அடையாளமும் ஒரே நேரத்தில் உரிய குறிகளோடு பொருந்துகின்றனவா என மூடியை மட்டும் திறந்து பார்த்துவிடலாம்.

கேள்வி 3: வந்த காற்று கசிகிறதா?

காற்று கசியக்கூடிய வழிகள் மூன்று: முசல வளையங்கள், வால்வுகள், கஸ்கற். எது என்பதைப் பின்வரும் சோதனைகள் பிரித்துக் காட்டும்.

சோதனை 1 – வால்வு இடைவெளி. நெருக்கல் அடிப்பின் மேலெல்லையில் இரு வால்வுகளும் மூடியிருக்க வேண்டும். அப்போது வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் கைக்கும் இடையில் சிறு இடைவெளி இருக்க வேண்டும். சிறிய ஹொண்டா வகை எஞ்சின்கள் பலவற்றில் இது 0.05 மி.மீ. மட்டுமே. வால்வைத் தேய்த்து இருக்கையில் பொருத்தும்போது அது சற்று உள்ளே அமர்கிறது. மறுமுனையில் தண்டு சற்று வெளியே உயர்கிறது. இதனால் இடைவெளி இல்லாமற் போய், வால்வு முழுவதும் மூடாமல் நிற்கும். வால்வு தேய்த்த எஞ்சினில் இடைவெளியை மீளச் சரிசெய்யாமல் விட்டால் நெருக்கல் குறைவது உறுதி. இதைத் திருத்த ஒரு ஸ்பனரும் இடைவெளி அளக்கும் தகடும் போதும்.

சோதனை 2 – ஒயில் சோதனை. முதலில் உலர்ந்த நிலையில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் செருகித் துளையால் சிறிது எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் அளவுங்கள். ஒயில் வளையங்களைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். வாசிப்பு பெரிதும் உயர்ந்தால் வளையம் அல்லது உருளையில் குறை. உயராவிட்டால் வால்வு, கஸ்கற் போன்ற வேறு இடங்களைப் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை: பல நூல்களில் "ஒரு தேக்கரண்டி ஒயில்" என்றிருக்கும். அது கார் எஞ்சினுக்குப் பொருந்தலாம். எங்கள் 97.2 க.செ.மீ. எஞ்சினில் 5 மி.லீ. ஒயில் மேலேயே தங்கினால் எரியறை 12.15 இலிருந்து 7.15 க.செ.மீ. ஆகும். அப்போது நெருக்கல் விகிதம் (97.2 + 7.15) ÷ 7.15 = 14.6 ஆகிவிடும். வளையம் நன்றாக இருந்தாலும் முள் எகிறும். நல்ல வளையத்தைக் கழற்றி எறிவீர்கள். ஆகவே சிறு எஞ்சினுக்கு ஊசியில்லாத சிரிஞ்சினால் 1 மி.லீ. மட்டும் விடுங்கள். அதனால் விகிதம் 9 இலிருந்து 9.7 வரைதான் மாறும். 70 ஆக இருந்த வாசிப்பு 120 ஆனால் அது வளையத்தின் குறை. 70 இலிருந்து 76 ஆனால் அது ஒயில் இடம் பிடித்ததன் விளைவு மட்டுமே.

சோதனை 3 – காற்றுச் சோதனை. முசலத்தை நெருக்கல் அடிப்பின் மேலெல்லையில் நிறுத்துங்கள். ரயர் கடையிலுள்ள காற்றமுக்கியிலிருந்து சதுர அங்குலத்துக்கு 30 முதல் 40 இறாத்தல் வரையான காற்றைச் செருகித் துளையால் செலுத்துங்கள். காற்று முசலத்தைத் தள்ளி எஞ்சினைத் திடீரெனச் சுற்றக்கூடும். எனவே வண்டியை உயர்ந்த கியரில் போட்டு, பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க ஒருவர் வேண்டும். உதைகோலுக்குப் பக்கத்தில் காலை வைக்க வேண்டாம். இனிக் காது கொடுத்துக் கேளுங்கள்.

• சைலன்சர் வாயில் சீறினால்: வெளியேற்றல் வால்வு.
• காபுரேற்றர் வாயில் சீறினால்: உள்ளெடுத்தல் வால்வு.
• ஒயில் ஊற்றும் துளையில் பலமாகச் சீறினால்: வளையங்கள். (மெல்லிய ஒலி எல்லா எஞ்சினிலும் உண்டு.)
• உருளைத்தலை மூட்டில் பூசிய சவர்க்கார நீர் குமிழ்விட்டால்: கஸ்கற், அல்லது தலையின் தளம் வளைந்துள்ளது.

இந்தச் சோதனைக்குப் பின்னரே எஞ்சினைத் திறக்கும் உரிமை உங்களுக்கு வருகிறது. திறந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் இப்போது தெரியும். வளையம் எனின்: குறியிட்ட பக்கம் மேலே உள்ளதா? வளைய வெட்டுகள் ஒரே கோட்டில் வராமல் சுற்றிப் பிரித்து வைக்கப்பட்டுள்ளனவா? உருளையை 0.25 மி.மீ. பெருப்பித்திருந்தால் வளையமும் முசலமும் அதே அளவினவா? புதிய வளையங்கள் உருளைச் சுவரோடு பழகச் சிறிது தூரம் ஓட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே பூட்டிய அன்றே வாசிப்புச் சற்றுக் குறைவு என்பதற்காக மட்டும் மீண்டும் இறக்கக் கூடாது.

கேள்வி 4: அறை பெரிதாகிவிட்டதா?

அளவீடு சரி. காற்று வருகிறது. எங்கும் கசியவில்லை. ஆனாலும் நெருக்கல் குறைவு. அப்படியானால் காற்று நெருக்கப்படும் அறையே பெரிதாக இருக்க வேண்டும். வேறு வகை எஞ்சினின் உயரம் குறைந்த முசலம் போடப்பட்டிருக்கலாம். அல்லது உருளைக்கு மேலோ கீழோ தடித்த தகடு இருக்கலாம்.

ஒரு மில்லிமீற்றர் மேலதிகத் தடிப்பு என்ன செய்யும் எனக் கணிப்போம். 19.63 × 0.1 = 1.96 க.செ.மீ. அறை 12.15 இலிருந்து 14.11 ஆகிறது. விகிதம் (97.2 + 14.11) ÷ 14.11 = 7.9. இரண்டு மில்லிமீற்றர் எனின் அறை 16.08 ஆகி, விகிதம் 7.0 ஆக இறங்கும். வளையமும் வால்வும் புத்தம் புதிதாக இருந்தாலும் மானி உயராது.

இப்படித் தடித்த தகட்டை யார், ஏன் போடுவார்கள்? அதற்கு எங்கள் பிரதேசத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

4. மண்ணெண்ணெயும் நெருக்கலும்

1990 இல் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்கின் பல பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல் கிடைப்பது அரிதாகியது. அக்காலத்தில் மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்குவர். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். அந்தப் புகையின் மணத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2002 இல் போர்நிறுத்தம் வந்து, தடை தளர்ந்து, ஏ-9 பாதை திறந்தபின் பெற்றோல் மீண்டும் வந்தது.

இதில் மூன்று விஞ்ஞான உண்மைகள் உள்ளன.

முதலாவது: மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் பெற்றோலினதை விட மிகக் குறைவு. அதிகம் நெருக்கினால் அது நேரத்துக்கு முந்தியோ சீரின்றியோ எரிந்து எஞ்சினுள் "டக் டக்" என அடிக்கும்.  இதைத் தவிர்க்க நெருக்கல் விகிதத்தைக் குறைக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கென்றே ஆக்கப்பட்ட எஞ்சின்களை அவற்றின் உற்பத்தியாளர்களும் குறைந்த நெருக்கல் விகிதத்துடனேயே அமைத்தனர். பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெய்க்கு மாற்ற எளிய வழி, கஸ்கற்றைத் தடிப்பாக்குவது அல்லது ஒரு தகட்டை இடையில் வைப்பது.

இரண்டாவது: மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. எரியாத பகுதி உருளைச் சுவர் வழியே வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை ஐதாக்கும். ஐதான ஒயில் உராய்வைத் தடுக்காது. வளையமும் உருளையும் விரைவில் தேயும்.

மூன்றாவது: முழுவதும் எரியாததால் கரி படியும். வால்வு இருக்கையில் கரி படிந்தால் வால்வு இறுக மூடாது.

ஆகவே ஒரே எஞ்சினில் குறைந்த நெருக்கல் ஒரு காலத்தில் மருந்தாகவும் இன்னொரு காலத்தில் நோயாகவும் இருக்க முடியும். எரிபொருள் மாறினால் தேவையான நெருக்கலும் மாறும்.

5. ஒரு நிகழ்வாய்வு

நான் கலைப் பட்டதாரி. எஞ்சின் பாடத்தை நான் படித்தது கராச் வாசலில், காசு கொடுத்து. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

என் மாமாவிடம் ஒரு பழைய நான்கடிப்பு மோட்டார் சைக்கிள் இருந்தது. தடைக் காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. 2002 இல் மாமா குடும்பத்தோடு வவுனியாவுக்கு மாறியபோது அதையும் கொண்டுபோனார். அதனால் 2009 இல் எங்கள் குடும்பத்தில் எஞ்சிய ஒரே வண்டி அதுதான். 2021 இல் ரியூசன் வகுப்புகளுக்குப் போய்வர அதை எனக்குத் தந்தார். எஞ்சினைத் திருத்தக் கொடுத்தேன். போர் அடித்து, புதிய முசலமும் வளையமும் போட்டார்கள். ஓடியது, ஆனால் ஏற்றத்தில் இழுக்கவில்லை. நெருக்கல் காணாது என்று இரண்டாம் முறை இறக்கி, மறுபடியும் வளையம் மாற்றினார்கள். பயனில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்றே நினைத்தேன்.

மூன்றாம் முறை ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பனரை எடுக்கவில்லை. மானியை எடுத்தார். உலர் வாசிப்பு 110. சிறிது ஒயில் விட்டபின் 115. காற்றுச் சோதனையில் எங்கும் சீறல் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இது மண்ணெண்ணெயில ஓடின வண்டியோ?" என்று கேட்டார்.

உருளைக்கு அடியில் ஏறத்தாழ 2 மி.மீ. தடித்த ஓர் அலுமினியத் தகடு இருந்தது. தொண்ணூறுகளில் யாரோ ஒரு கைதேர்ந்த தொழிலாளி அளவாக வெட்டி வைத்தது. முன்பு திருத்தியவர்கள் அதை எஞ்சினோடு வந்த பாகம் என்று எண்ணி, இரு முறையும் கவனமாகத் துடைத்து அதே இடத்தில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். தகட்டை எடுத்து, உரிய கஸ்கற் இட்டு, செயின் இறுக்கத்தைச் சரிசெய்து, முசலம் வால்விலோ தலையிலோ முட்டவில்லை என்பதை அறியக் கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிப் பார்த்தபின் தொடக்கினார். வாசிப்பு 150 ஐத் தொட்டது.

மாணவர்களே, முன்னர் திருத்தியவர்கள் என்னை ஏமாற்றவில்லை. வளையத்தையும் ஒழுங்காகவே போட்டிருந்தார்கள். "நெருக்கல் குறைவு என்றால் வளையம்" என்று கேள்வி கேட்குமுன்பே விடையைத் தீர்மானித்ததுதான் பிழை. முதியவர் செய்தது வேறொன்றுமில்லை. ஒவ்வொரு சோதனையாலும் ஓர் ஐயத்தை நீக்கினார். ஒயில் சோதனை வளையத்தை நீக்கியது. காற்றுச் சோதனை வால்வையும் கஸ்கற்றையும் நீக்கியது. எஞ்சியது அறை மட்டுமே.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: மறுசீரமைக்கப்பட்ட ஒற்றை உருளை நான்கடிப்பு எஞ்சின் ஒன்றின் உலர் நெருக்கல் வாசிப்பு 75 இறாத்தல். 1 மி.லீ. ஒயில் இட்டபின் 80 இறாத்தல். காற்றுச் சோதனையில் சைலன்சர் வாயில் சீறல் ஒலி கேட்டது.
(i) வழு எப்பாகத்தில் உள்ளது?
(ii) அம்முடிவுக்கு இரண்டு காரணங்கள் தருக.
(iii) எஞ்சினைக் கழற்றுமுன் செய்ய வேண்டியது யாது?

விடை:
(i) வெளியேற்றல் வால்வில்.
(ii) ஒயில் இட்டபின் வாசிப்பு குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. எனவே முசல வளையங்களில் வழு இல்லை எனக் கொள்ளலாம். செலுத்திய காற்று வெளியேற்றல் வழியே வெளியேறுகிறது. எனவே அவ்வால்வு இறுக மூடவில்லை.
(iii) வால்வு இடைவெளியை அளந்து சரிசெய்து மீண்டும் நெருக்கலை அளத்தல். அப்போதும் குறைவாயின் மட்டும் உருளைத்தலையைக் கழற்றி வால்வையும் இருக்கையையும் பரிசோதித்தல்.

கவனிக்க: (ii) இல் "வளையம் நல்லது" என்று முடிவை மட்டும் எழுதினால் போதாது. எந்த அவதானிப்பிலிருந்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

7. பயிற்சி வினாக்கள்

1. ஓர் எஞ்சினில் முசலம் பெயரும் கனவளவு 120 க.செ.மீ.; மேலே எஞ்சும் கனவளவு 15 க.செ.மீ. நெருக்கல் விகிதம் யாது?
2. தடித்த கஸ்கற் இட்டதால் மேலே எஞ்சும் கனவளவு 5 க.செ.மீ. கூடியது. புதிய விகிதம் யாது?
3. கஸ்கற்றை மாற்றாமல், முதலாம் வினாவின் எஞ்சினுக்குள் 5 மி.லீ. ஒயில் விடப்பட்டு அது முழுவதும் எரியறையில் தங்கினால் விகிதம் யாது? ஒயில் சோதனையின் முடிவை இது எவ்வாறு பிழைபடுத்தும்?
4. எக்ஸிலேற்றரை மூடிவைத்து நெருக்கலை அளந்த ஒருவர் வளையத்தை மாற்றத் தீர்மானித்தார். அவரது பிழையை விளக்குக.
5. வால்வு தேய்த்த பின் வால்வு இடைவெளி குறைவது ஏன்?
6. பெற்றோலில் ஓடும் எஞ்சின் ஒன்றை மண்ணெண்ணெயில் ஓட்டுவதால் எஞ்சின் ஒயிலுக்கு ஏற்படும் பாதிப்பையும் அதன் விளைவையும் எழுதுக.

கணிப்பு விடைகள்: (1) 9:1 (2) 7:1 (3) 13:1

இறுதியாக ஒரு வார்த்தை. இந்தப் பாடம் பரீட்சையோடு முடிவதில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகனத் தொழினுட்பமும் கற்பிக்கப்படுகிறது. சாதாரண தரத்துக்குப் பின் இத்துறையில் செல்ல விரும்புவோருக்கு வழி நம் மாவட்டத்திலேயே உண்டு. எங்கே போனாலும் இதை மட்டும் கொண்டு போங்கள்: முதலில் அளவுங்கள், பிறகு ஐயங்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள், ஸ்பனரைக் கடைசியில் எடுங்கள். உங்களிடம் வரும் எஞ்சின் யாரோ ஒருவருடைய வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரே வண்டியாக இருக்கலாம்.